மதர்போர்டை மாற்றுவதற்கு முன் தொலைபேசிப் பெட்டியைத் திறந்து பாருங்கள்

கேள்வி: கரூரில் படுக்கை விரிப்பு, மேசை விரிப்பு ஏற்றுமதி செய்யும் சிறு நிறுவனம் ஒன்றில் கணக்கும் கடிதப் போக்குவரத்தும் பார்க்கிறேன். வேலைக்காக ஒரு பழைய மடிக்கணினி வைத்திருக்கிறேன். விண்டோஸ் எக்ஸ்பி. எங்கள் பகுதிக்குப் பிராட்பேண்ட் இன்னும் வரவில்லை. அலுவலகத்தில் தொலைபேசி லைன் வழியாக இணையத்துக்கு டயல்-அப் செய்தால் 680 என்ற பிழை வருகிறது. வீட்டில் இணைகிறது, ஆனால் பத்து நிமிடத்தில் அறுந்துவிடுகிறது. மழை பெய்தால் அதுவும் இல்லை. ஜெர்மனியில் இருக்கும் வாடிக்கையாளருக்குக் கையெழுத்திட்ட விலைப்பட்டியலை ஃபாக்ஸ் அனுப்பினால் முதல் பக்கத்தின் பாதியிலேயே நின்றுவிடுகிறது. அவர்கள் அனுப்புவது எங்களுக்கு வந்து சேர்வதே இல்லை. பழுது பார்ப்பவர், மோடம் எரிந்துவிட்டது, மதர்போர்டையே மாற்ற வேண்டும், ஒன்பதாயிரம் ரூபாய் ஆகும் என்கிறார். மாற்றலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

மாற்ற வேண்டாம். கணினியைத் தொலைபேசி லைனோடு இணைக்கும் மோடம் எரிந்திருந்தால் வீட்டில் பத்து நிமிடம்கூட இணைந்திருக்காது. உங்கள் கடிதத்தில் நான்கு தனித்தனிக் குறைகள் இருக்கின்றன. எல்லாம் ஒரே சமயத்தில் சேர்ந்துகொண்டதால் ஒரே நோய் போலத் தெரிகிறது, அவ்வளவுதான்.

அப்படியே மோடம் கெட்டிருந்தாலும் மதர்போர்டு வரை போகத் தேவையில்லை. உங்களுடையதைப் போன்ற பழைய மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் மோடம் தீப்பெட்டி அளவே உள்ள ஒரு தனி அட்டை. எம்டிசி அட்டை என்பார்கள். இரண்டு சிறு திருகாணிகளைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். அதிலிருந்து மெல்லிய இரட்டைக் கம்பி ஒன்று தொலைபேசித் துளைக்குப் போகும். அந்த அட்டையை மட்டும் மாற்றலாம். அதுவும் கிடைக்காவிட்டால் பக்கவாட்டுத் துளையில் செருகும் பிசிஎம்சிஐஏ மோடமோ, வெளியே வைக்கும் மோடமோ வாங்கிக்கொள்ளலாம். உங்களிடம் மதர்போர்டு என்று சொன்னவர் இயந்திரத்தைத் திறந்து பார்த்தாரா என்று கேளுங்கள்.

இனி வேலைக்கு வருவோம். முதலில் மோடத்தின் வாயைத் திறந்துவிடுங்கள். சத்தம் தொந்தரவாக இருக்கிறது என்று பலர் அதன் ஒலியை அணைத்து வைத்திருக்கிறார்கள். கண்ட்ரோல் பேனலில் ஃபோன் அண்டு மோடம் ஆப்ஷன்ஸ் திறந்து, மோடத்தின் பிராபர்டீஸில் ஸ்பீக்கர் வால்யூமை முழுதாக ஏற்றுங்கள். பிறகு டயல் செய்துவிட்டுக் கேளுங்கள். முதலில் தொலைபேசியில் கேட்கும் அதே டயல் டோன். அடுத்து எண்கள் அழுந்தும் ஒலி. மணி அடிக்கும். எதிர்முனை எடுத்ததும் நீளமான ஒரு கூவல், அதன்பின் கரகரவென்று இரைச்சல், பிறகு அமைதி. இந்த வரிசையில் எது வரை வந்து எங்கே நிற்கிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டீர்களானால் பாதி நோயறிதல் முடிந்தது. டயல் டோனே வராவிட்டால் குறை கம்பியிலோ செருகியிலோ இருக்கிறது. இரைச்சல் வந்து, அமைதியாகி, பிறகு அறுந்தால் மோடத்தின் மேல் பழி இல்லை. லைனில் அழுக்கு இருக்கிறது. எல்லாம் சரியாகி 691 என்று வந்தால் கடவுச்சொல்லோ பயனர் பெயரோ தவறு. இந்த மூன்றையும் வேறுபடுத்தாமல் விண்டோஸை அழித்து மறுபடி நிறுவுவது காய்ச்சல்காரனுக்குச் சட்டையை மாற்றிவிடுவது போன்றது.

அலுவலகத்து 680-ஐ எடுத்துக்கொள்வோம். டயல் டோன் கேட்கவில்லை என்பதுதான் அந்தப் பிழையின் பொருள். உங்கள் அலுவலகத்தில் மேசைக்கு மேசை இன்டர்காம் இருக்கும், வெளியே பேச 0 அழுத்துவீர்கள் என்று எண்ணுகிறேன். இன்டர்காம் பெட்டி தரும் டயல் டோன், எக்ஸ்சேஞ்ச் தரும் டயல் டோனைப் போல இருக்காது. நம் காதுக்கு இரண்டும் ஒன்றுதான். மோடம் அதைக் கேட்டுவிட்டு, இது எனக்குத் தெரிந்த டோன் இல்லை என்று நின்றுவிடுகிறது. அதே மோடம் பிராபர்டீஸ் பக்கத்தில் ‘வெயிட் ஃபார் டயல் டோன் பிஃபோர் டயலிங்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதிலுள்ள குறியை எடுத்துவிடுங்கள். பிறகு டயலிங் ரூல்ஸில் உங்கள் அலுவலகத்துக்கென ஓர் இடத்தை உண்டாக்கி, வெளி லைனுக்கு 0 என்றும் அதை அடுத்து ஒரு காற்புள்ளியும் போடுங்கள். மோடத்தின் மொழியில் ஒரு காற்புள்ளி என்றால் இரண்டு நொடி பொறுத்திரு என்று பொருள். வெளி லைன் வர உங்கள் பெட்டி நேரம் எடுத்துக்கொண்டால் இரண்டு காற்புள்ளி போடலாம். குறியை எடுத்தும் கேட்காவிட்டால், அட்வான்ஸ்டு பக்கத்தில் கூடுதல் கட்டளைக்கான கட்டத்தில் எக்ஸ்3 என்று ஆங்கில எழுத்தில் இடுங்கள். டயல் டோனுக்குக் காத்திருக்காமல் டயல் செய்யச் சொல்லும் கட்டளை அது.

இங்கே ஓர் எச்சரிக்கை. வரவேற்பறையில் நிறையப் பொத்தான்களும் சிறு திரையும் உள்ள தொலைபேசி இருந்தால், அது செருகியிருக்கும் துளையில் மடிக்கணினியைச் செருகிவிடாதீர்கள். அது டிஜிட்டல் எக்ஸ்டென்ஷனாக இருக்கலாம். அதில் ஓடும் மின்னோட்டம் சாதாரண லைனுக்கென்று செய்யப்பட்ட மோடத்தைச் சில நொடிகளில் கெடுத்துவிடும். சாதாரண ஒற்றைத் தொலைபேசி வேலை செய்யும் துளைதான் மோடத்துக்கு உரியது. இன்னொரு குழப்பமும் அடிக்கடி நேர்கிறது: தொலைபேசிச் செருகி, அருகில் இருக்கும் சற்றே அகலமான நெட்வொர்க் துளைக்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்ளும். அதில் செருகிவிட்டு டயல் டோன் இல்லை என்று தவிப்பவர்களை மாதத்துக்கு இருவரையாவது பார்க்கிறேன். மணி அடிக்கும்போது லைனில் வரும் மின்னழுத்தம் அந்தத் துளைக்கு நல்லதும் அல்ல.

அலுவலகத்தில் இணைந்த பிறகு வேகம் நொடிக்கு 33.6 கிலோபிட்டைத் தாண்டாது. அதைக் குறையாக எண்ணாதீர்கள். 56கே என்று பெட்டியில் எழுதியிருக்கும் 1998-ஆம் ஆண்டின் வி.90 முறை, இணையச் சேவை நிறுவனத்திலிருந்து உங்கள் எக்ஸ்சேஞ்ச் வரை டிஜிட்டலாக வந்து, கடைசியில் ஒரே ஒரு முறை அனலாக் ஆக, அதாவது ஒலியைப் போல ஏறி இறங்கும் மின் அலையாக, மாறும் பாதையில்தான் வேலை செய்யும். நடுவில் இன்டர்காம் பெட்டி இன்னொரு முறை மாற்றினால் அந்தக் கணக்கு கலைந்துவிடும்.

அடுத்தது உங்கள் வீட்டு லைன். எனக்கு இதில்தான் அதிகம் சொல்ல இருக்கிறது.

துறையூர்ப் பக்கம் ஓர் அரிசி ஆலையின் அலுவலகத்துக்கு ஆறேழு ஆண்டுகளுக்கு முன் போயிருந்தேன். உங்களுக்கு நேர்வது போலவேதான்: இணையும், பத்து நிமிடம் ஓடும், அறும். நான் மோடத்தை ஒருமுறை மாற்றினேன். சரியாகவில்லை. இரண்டாவது மோடமும் போட்டேன். அந்தச் செலவை அந்த முதலாளி கொடுத்தார் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் உறுத்துகிறது. மூன்றாம் முறை போனபோதுதான் தொலைபேசிக் கம்பி வந்து சேரும், சுவரில் இருந்த வெள்ளை ரோசெட் பெட்டியின் மூடியைக் கழற்றினேன். உள்ளே திருகுகளைச் சுற்றிச் செப்புக்கம்பி பாசி பிடித்த படித்துறை போலப் பச்சையாக இருந்தது. ஒரு மூலையில் எறும்பு மண் கட்டியிருந்தது. கம்பியின் நுனியை இரண்டு அங்குலம் வெட்டிவிட்டு, புதிதாகச் சீவி, திருகுகளை உப்புத்தாளால் தேய்த்து மறுபடி இறுக்கினேன். அரை மணி நேர வேலை. முதல் நாள் நான் கழற்றிப் போட்ட பழைய மோடத்தையே மீண்டும் செருகினோம். மாலை வரை அறவில்லை.

அன்று முதல் லைனைக் கேட்காமல் எந்த மோடத்தையும் தொடுவதில்லை. நீங்களும் செய்து பாருங்கள். மோடத்தைக் கழற்றிவிட்டு அதே கம்பியில் சாதாரணத் தொலைபேசியைச் செருகுங்கள். எடுத்து, ஏதாவது ஒரே ஓர் எண்ணை அழுத்துங்கள். டயல் டோன் நின்று, சில நொடிகள் நிசப்தமாக இருக்கும். அந்த நிசப்தத்தைக் கூர்ந்து கேளுங்கள். நல்ல லைனில் ஒன்றுமே கேட்காது. பொரிகடலை வறுபடுவது போலப் படபடத்தால் எங்கோ இணைப்பு துருப்பிடித்திருக்கிறது, அல்லது ஈரம் இறங்கியிருக்கிறது. தேனீக் கூட்டம் போல ஒரே சீராக ரீங்கரித்தால் மின்கம்பியின் பாதிப்பு. வேறு யாரோ பேசுவது லேசாகக் கேட்டால் கேபிளில் கசிவு. மழை நாளில் உங்களுக்கு இணைவதே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே முதல் வகையாகத்தான் இருக்க வேண்டும். பேசும்போது மனிதக் காது இந்தச் சத்தத்தை ஒதுக்கிவிடும். மோடத்துக்கு ஒவ்வொரு படபடப்பும் ஒரு பிழையான எழுத்து. பிழைகள் பெருகும்போது வேகத்தைக் குறைத்துப் பார்க்கும். அதற்கும் மிஞ்சினால் விட்டுவிடும்.

வீட்டுக்குள் உள்ளது நம் பொறுப்பு. லைன் உள்ளே நுழையும் முதல் பெட்டியில் மோடத்தைச் செருகி, படுக்கையறைக்கும் கூடத்துக்கும் போகும் இணைத் தொலைபேசிகள், காலர் ஐடி கருவி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். அறாமல் ஓடினால் குறை வீட்டுக்குள்ளேதான். கழற்றியவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்து வந்தால் எது குற்றவாளி என்று தெரிந்துவிடும். அதே வேளையில் இன்னொரு சோதனை: சார்ஜரைப் பிடுங்கிவிட்டு மின்கலத்தில் மட்டும் இயக்கிப் பாருங்கள். மலிவான மாற்றுச் சார்ஜர்கள் லைனில் ரீங்காரத்தை ஏற்றிவிடும். பழைய மடிக்கணினி என்கிறீர்கள். சார்ஜர் அதன் உடன்பிறந்ததுதானா என்று பாருங்கள்.

முதல் பெட்டியிலும் படபடப்பு இருந்தால் வெளியே இருக்கிறது குறை. தொலைபேசி நிறுவனத்திடம் புகார் கொடுங்கள். ஆனால் இணையம் வரவில்லை என்று சொல்லாதீர்கள். பேசும்போதே இரைச்சல் கேட்கிறது, மழையில் அதிகமாகிறது என்று சொல்லுங்கள். இணையம் என்றால் உங்கள் கணினிதான் காரணம் என்று சொல்லிவிட இடமுண்டு. பேச்சில் இரைச்சல் என்றால் லைன்மேன் கம்பம் ஏறியே ஆக வேண்டும். அவர் வரும்போது அந்த ஓர் எண் அழுத்தும் சோதனையை அவர் காதிலேயே வைத்துக் காட்டுங்கள்.

லைன் சரியாகும் வரை ஒரு தற்காலிக வழி உண்டு. உங்கள் மோடம் கோனெக்ஸன்ட் நிறுவனத்தின் சில்லு கொண்ட வகையாக இருந்தால், கூடுதல் கட்டளைக் கட்டத்தில் கூட்டல் குறி, எம்எஸ், சமக்குறி, வி34 என்று இடைவெளி இல்லாமல் ஆங்கிலத்தில் இடுங்கள். மோடம் 56கே-வை முயலாமல் பழைய 33.6 முறைக்கே இறங்கிவிடும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அறுந்து மறுபடி டயல் செய்யும் 44-ஐவிட, ஒரு மணி நேரம் நிலைத்து நிற்கும் 28.8 உங்கள் கணக்கு வேலைக்கு நல்லது. வீட்டு லைனில் கால் வெயிட்டிங் வசதி வாங்கியிருந்தால் அதையும் நிறுத்தச் சொல்லுங்கள். அந்த ஒரு பீப் ஒலி போதும், இணைப்பு அறுந்துவிடும்.

இப்போது ஜெர்மனிக்குப் போகும் ஃபாக்ஸ். பாதிப் பக்கத்தில் நிற்கிறது என்றால் இரு இயந்திரங்களும் கைகுலுக்கிவிட்டன. பக்கம்தான் போய்ச் சேரவில்லை. நீங்கள் அனுப்பும் விலைப்பட்டியலை மனக்கண்ணில் பார்க்கிறேன்: மேலே நிறுவனத்தின் வண்ண முத்திரை, எக்செல் அட்டவணையின் தலைப்பு வரிசைக்குச் சாம்பல் நிறம், கீழே கையெழுத்தும் ரப்பர் ஸ்டாம்பும். இந்தச் சாம்பல் நிறம்தான் உங்களைக் கெடுக்கிறது. ஃபாக்ஸுக்கு வெள்ளை, கருப்பு இரண்டு மட்டுமே தெரியும். 1980-இல் வகுத்த குரூப் 3 விதிப்படி ஒரு வரிக்கு 1,728 புள்ளிகள். ‘இங்கிருந்து இத்தனை புள்ளி வெள்ளை, அடுத்து இத்தனை கருப்பு’ என்று எண்ணிச் சுருக்கித்தான் அது அனுப்புகிறது. வெள்ளைத் தாளில் எழுத்து மட்டும் இருந்தால் ஒரு வரி நாலைந்து எண்களில் முடிந்துவிடும். சாம்பல் நிறத்தைக் காட்டக் கணினி கருப்புப் புள்ளிகளையும் வெள்ளைப் புள்ளிகளையும் மாற்றி மாற்றித் தூவுகிறது. அந்த வரியைச் சுருக்கவே முடியாது. சுருக்கப்போய் நீண்டுவிடுவதும் உண்டு. ஒரு நிமிடத்தில் போக வேண்டிய பக்கம் ஐந்தாறு நிமிடம் ஓடும். அத்தனை நேரம் வெளிநாட்டு லைன் ஒரு சிறு குலுக்கல்கூட இல்லாமல் தாங்க வேண்டும்.

ஆகவே விலைப்பட்டியலுக்கென்று தனியாக ஒரு மாதிரி தயாரித்துக்கொள்ளுங்கள்: சாம்பல் இல்லை, வண்ணம் இல்லை, முத்திரை வெறும் கோட்டு வடிவில். கையெழுத்திட்ட தாளை ஸ்கேன் செய்யும்போது கருப்பு வெள்ளை என்பதைத் தேர்ந்து, 200 டிபிஐ வைத்தால் போதும். ‘ஃபைன்’ தரத்தில் அனுப்பினால் வரிகள் இரட்டிப்பாகும், நேரமும் ஏறத்தாழ இரட்டிப்பாகும். துணியின் அளவும் விலையும் தெளிவாகப் படிக்க முடிந்தால் சாதாரணத் தரமே நல்லது.

மோடம் வழக்கமாக நொடிக்கு 14,400 பிட் வேகத்தில் ஃபாக்ஸை முயலும். தொலைதூர லைனில் அதை 9,600-க்கு இறக்கினால் பக்கம் சற்று மெதுவாகப் போனாலும் முழுதாகப் போய்ச் சேரும். மடிக்கணினியோடு வந்த குறுவட்டில் தனி ஃபாக்ஸ் மென்பொருள் இருந்தால், அதன் அமைப்புகளில் வேகத்தைக் குறைக்கும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பிழை திருத்தும் வசதி ஒன்று ஈசிஎம் என்ற பெயரில் இருந்தால் அதை இயக்கிவிடுங்கள். சிதைந்த பகுதியை மட்டும் மறுபடி அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்கும்.

மடிக்கணினிகளில் பொதுவாகக் காணும் ஒரு பலவீனத்தையும் சொல்ல வேண்டும். இந்தச் சிறு அட்டை மோடங்களுக்குச் சொந்த மூளை குறைவு. கணக்கு முழுவதையும் கணினியின் பிராசஸர்தான் போட்டுக்கொடுக்கிறது. ஃபாக்ஸ் போய்க்கொண்டிருக்கும்போது வைரஸ் தேடும் மென்பொருள் ஓடினாலோ, கணினி மின்சாரம் சேமிக்கத் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டாலோ, புள்ளிகள் உரிய நேரத்துக்கு வந்து சேராது, எதிர்முனை அறுத்துவிடும். அனுப்பும்போது மற்ற எல்லாவற்றையும் மூடிவிட்டு, பவர் ஆப்ஷன்ஸில் ‘ஆல்வேஸ் ஆன்’ வைத்து, இயந்திரத்தைத் தொடாமல் இருங்கள். வெளிநாட்டு அழைப்பு இணையவே நேரமாகும் என்பதால், ‘60 நொடியில் இணையாவிட்டால் ரத்து செய்’ என்ற இடத்தில் 60-ஐ 120 ஆக்குங்கள்.

அவர்கள் அனுப்புவது வராததற்குக் காரணம் பெரும்பாலும் உங்கள் வரவேற்பறையில் இருக்கிறது. அங்கே அமர்ந்திருப்பவரிடம் கேட்டுப் பாருங்கள்: தொலைபேசியை எடுத்தால் மூன்று நொடிக்கு ஒருமுறை அரை நொடி ‘பீப்’ என்று கேட்கிறதா, யாரும் பேசுவதில்லையா? ராங் நம்பர் என்று அவர் வைத்துவிடுகிறார். அந்தப் பீப்தான் ஜெர்மனி. எதிரில் ஃபாக்ஸ் இருக்கிறதா என்று அந்த இயந்திரம் கேட்கும் ஒலி அது. அந்த ஒலி கேட்டதும் அழைப்பை உங்கள் எக்ஸ்டென்ஷனுக்கு மாற்றிவிடச் சொல்லுங்கள். நீங்கள் விண்டோஸில் உள்ள ஃபாக்ஸ் கன்சோலில் ஃபைல் பட்டியலைத் திறந்து ‘ரிசீவ் எ ஃபாக்ஸ் நௌ’ அழுத்துங்கள். அரை நிமிடத்துக்குள் செய்துவிட வேண்டும். அனுப்பும் இயந்திரம் அதற்குமேல் பொறுக்காது. எக்ஸ்பியில் ஃபாக்ஸ் பெறும் வசதி தானாக இயங்காது, கான்ஃபிகர் ஃபாக்ஸ் என்ற இடத்தில் நாம்தான் இயக்க வேண்டும். அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஆனாலும் என் கருத்தைக் கேட்டால், ஃபாக்ஸ் பெறுவதற்கு மடிக்கணினி ஏற்றதல்ல. அதை மூடி வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவீர்கள். ஜெர்மனியில் மாலை வேலை முடிவதற்குள் நமக்கு இரவு வந்துவிடும். உங்கள் முதலாளியிடம் சொல்லி, இன்டர்காம் பெட்டி வழியாக வராத ஒரு நேரடி லைனும் ஒரு சாதாரண ஃபாக்ஸ் இயந்திரமும் வாங்கச் சொல்லுங்கள். மதர்போர்டுக்குக் கேட்ட பணத்தை அதில் போட்டால் பொருந்தும். நாளை உங்கள் பகுதிக்குப் பிராட்பேண்ட் வந்து அதே லைனில் கொடுத்தால், ஃபாக்ஸையும் மோடத்தையும் அவர்கள் தரும் ஸ்பிளிட்டர் என்ற பிரிப்புப் பெட்டியின் ‘ஃபோன்’ என்ற துளையில்தான் செருக வேண்டும்; நேரடியாகச் செருகினால் பிராட்பேண்டும் அவையும் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளும்.

ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கும்போது மின்செருகியை மட்டும் பிடுங்கினால் போதாது. நான் பார்த்த எரிந்த மோடங்களில் பெரும்பாலானவை தொலைபேசிக் கம்பி வழியே வந்த மின்னலால் எரிந்தவை. அந்தச் சிறு செருகியையும் கழற்றிவிடுங்கள்.

கையில் இருக்கும் விலைப்பட்டியலை நாளையே அனுப்ப வேண்டும் என்றால், சாம்பல் நிறத்தை எடுத்துவிட்டு, வீட்டு லைனில் மற்ற தொலைபேசிகளைக் கழற்றி, வெளிநாட்டு அழைப்புக்கான ஐஎஸ்டி பூட்டு திறந்திருக்கிறதா என்று தொலைபேசியில் ஒருமுறை டயல் செய்து பார்த்துக்கொண்டு, காலை ஏழு மணிக்கு அனுப்புங்கள். அங்கே அப்போது பின்னிரவு. அவர்களுடைய ஃபாக்ஸை வேறு யாரும் பிடித்திருக்க மாட்டார்கள். போகும்போது ஸ்பீக்கரை அணைக்காமல், எந்த ஒலியில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மறுபடியும் நின்றால் அந்தக் குறிப்பை எனக்கு எழுதி அனுப்புங்கள்.